புயல் ஒரு ராத்திரி, கரண்ட் இல்லாதது 22 நாள்

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம், கடலுக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டில் நான், இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். மாமனாருக்கு வயது 71. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. காலையில் 20, ராத்திரி 14 யூனிட் இன்சுலின் போடுகிறோம். மாமியாருக்கு வீசிங். ராத்திரியில் இழுத்தால் நெபுலைசர் வைப்பேன். நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், நவம்பர் 24 தேதி கொடுத்திருக்கிறார்கள். கஜா அடித்தபோது எங்கள் தெருவில் 22 நாள் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த மூன்று இன்சுலின் பாட்டிலும் கெட்டிருக்கும் என்று குப்பையில் போட்டுவிட்டோம். புதுசு கிடைக்க ஒரு வாரம் ஆனது. அதற்குள் மாமாவுக்குச் சர்க்கரை ஏறி, கடைசியில் தஞ்சாவூரில் சேர்த்தோம். இந்த வருடம் அப்படி ஆகக் கூடாது. எதை, எப்போது, எவ்வளவு வாங்கி வைக்க வேண்டும்? ஃபிரிட்ஜ் இல்லாமல் இன்சுலினை எப்படிக் காப்பாற்றுவது? நாத்தனாரை முன்கூட்டியே எங்காவது அனுப்பிவிடலாமா? முகாமுக்குப் போகலாம் என்றால் மாமா, "கஜாவையே பாத்தாச்சு" என்கிறார்.

(வாசகி, வேதாரண்யம் அருகில்)

பதில்:

சகோதரிக்கு வணக்கம். கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த மூன்று பாட்டில்தான். நீங்கள் குப்பையில் போட்டது அநேகமாக நல்ல மருந்து.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்தால் அட்டையில் அச்சடித்த தேதி வரை வரும். வெளியே எடுத்துவிட்டாலும், 30 டிகிரிக்குக் கீழே, வெயில் படாமல் இருந்தால் பொதுவாக நாலு வாரம், அதாவது 28 நாள் தாங்கும். திறந்த பாட்டிலுக்கும் இதே கணக்கு, திறக்காத பாட்டிலுக்கும் இதே கணக்கு. கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. ஐப்பசிக் கடைசி, மழைக்காலம். அந்த மாதத்தில் நம் கரையோரம் வீட்டுக்குள் 30 டிகிரியைத் தாண்டுவது குறைவு. 22 நாள் கழித்துக் கரண்ட் வந்தபோதுகூட அந்த மருந்துக்கு ஆறு நாள் ஆயுள் பாக்கி இருந்திருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. ஃபிரிட்ஜை விட்டு எடுத்தாலே வீண் என்பதுபோல நாங்கள்தான் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம்.

ஃபிரிட்ஜே இல்லாத இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து, கென்யாவில் உள்ள ஓர் அகதி முகாமின் வெப்பத்தை அளந்து, பகலில் 37, ராத்திரியில் 25 என்று ஏறி இறங்கும் சூட்டில் இன்சுலினை நாலு வாரம் வைத்துச் சோதித்தார்கள். மருந்தின் வீரியம் குளிரில் வைத்ததற்கு இணையாகவே இருந்தது. 2021ல் வெளியான ஆய்வு இது. அதற்காக வெயிலில் போட்டு வைக்கச் சொல்லவில்லை. பயந்து கொட்ட வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

கரண்ட் போனதும் செய்ய வேண்டியது இது. ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் உள்ளே குளிர் நிற்கும். அன்றைக்குள் கரண்ட் வராது என்று தெரிந்துவிட்டால் மருந்தை எடுத்துவிடுங்கள். ஒரு பெரிய மண்பானையில் பாதிக்கு ஆற்றுமணல் போட்டு நனைத்து, அதற்குள் சின்னப் பானை ஒன்றை இறக்குங்கள். பாட்டில்களை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சின்னப் பானைக்குள் வையுங்கள். மேலே ஈரத்துணி. காலையும் மாலையும் மணலில் ஒரு சொம்புத் தண்ணீர். காற்று வரும் நிழலான இடத்தில் இருக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயோ, வண்டி டிக்கியிலோ வேண்டாம். ஒவ்வொரு பாட்டிலிலும் பிளாஸ்திரி ஒட்டி, ஃபிரிட்ஜை விட்டு எடுத்த தேதியை எழுதுங்கள். நடுவில் கரண்ட் வந்து திரும்ப உள்ளே வைத்தால் 28 நாள் மறுபடி முதலிலிருந்து ஓடாது. விட்ட இடத்திலிருந்துதான்.

ஐஸ் மட்டும் வேண்டாம். இதில் நானே தவறு செய்திருக்கிறேன். ரொம்ப வருடத்துக்கு முன்னால், வெளியூர் கிளம்பிய ஒரு பெரியவரிடம் மருந்தை ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் ஐஸ் கட்டிக்கு நடுவிலேயே புதைத்துக்கொண்டு போயிருக்கிறார். உறைந்து உருகிய இன்சுலின் பார்ப்பதற்குப் பல நேரம் ஒன்றும் தெரியாது, ஊசியில் ஏறும், ஆனால் சரியாக வேலை செய்யாது. மூன்றாம் நாள் சர்க்கரை 400க்கு மேல். சூட்டில் போன மருந்தைவிடக் குளிரில் போன மருந்தை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஃபிரீசருக்கு ஒட்டினாற்போல வைப்பதும் அதே கதைதான்.

மருந்து கெட்டதா என்று பார்ப்பதற்கு: மாமாவுடையது அநேகமாகப் பால் மாதிரிக் கலங்கலாக இருக்கும் கலப்பு இன்சுலின். உள்ளங்கையில் வைத்துப் பத்து முறை மெதுவாக உருட்டினால் சீராகக் கலக்க வேண்டும். திப்பி திப்பியாக மிதந்தாலோ, பாட்டில் சுவரில் படலம் ஒட்டினாலோ தூக்கிப்போடுங்கள். தெளிவான வகை என்றால் கலங்கவே கூடாது.

எவ்வளவு வாங்குவது? ஒரு நாளைக்கு 34 யூனிட். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் 10 மில்லி பாட்டில் 40 ஐ.யூ. வகை (ஒரு மில்லியில் 40 யூனிட்), ஒன்றில் 400 யூனிட், கிட்டத்தட்ட 12 நாள். மூன்று பாட்டில் இருந்தால் 35 நாள் ஓடும். போதும். அதற்கு மேல் சேர்த்து வைத்தால் 28 நாள் கணக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். ஊசிகள் இரண்டு பாக்கெட், சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் ஒரு டப்பா, மீட்டருக்கு ஒரு உபரி பேட்டரி. ஸ்டிரிப் டப்பாவின் மூடியைத் திறந்து போடாதீர்கள், ஈரக்காற்று பட்டால் தப்பான நம்பர் காட்டும்.

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிவாரண முகாமில் இலவசமாகத் தரும் இன்சுலின் 100 ஐ.யூ. வகையாக இருக்கலாம். 40 ஐ.யூ. ஊசிக்கு மூடி சிவப்பு, 100 ஐ.யூ. ஊசிக்கு ஆரஞ்சு. 100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். அதில் ஆளே போய்விடலாம். பாட்டிலில் என்ன எண்ணோ அதே எண் ஊசியிலும் இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் போடாமல் நர்ஸிடம் காட்டுங்கள்.

சரி, சர்க்கரை ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கஜாவுக்குப் பிறகு பத்து நாள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மருத்துவ முகாமில் இருந்தேன். அங்கே எங்களைப் பதற வைத்தது சர்க்கரை இறங்கினவர்கள்தான். ஏழு மணிக்கு வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாட்டு வண்டி மரம் விழுந்த ரோட்டில் எங்கோ மாட்டியிருக்கும், பத்தரைக்குத்தான் வரும். அதற்குள் வேர்த்து ஊற்றி, பேச்சு குழறி, 'பெரியவர் தூங்குறார்' என்று பக்கத்தில் இருப்பவர்கள் போர்வை போர்த்தியிருப்பார்கள். ஆகவே புயல் நாட்களில் கடிகாரத்தைப் பார்த்து ஊசி போடாதீர்கள். தட்டு மடிக்கு வந்த பிறகு போடுங்கள். மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலமோ வெல்லமோ இருக்கட்டும். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். உள்கன்னத்தில் கொஞ்சம் சர்க்கரையைத் தடவிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். அரைவயிறு சாப்பாடு என்றால் எத்தனை யூனிட், வாந்தி எடுத்தால் எத்தனை யூனிட் என்பதை அவரைப் பார்க்கும் டாக்டரிடம் இந்த மாதமே கேட்டு, ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். புயலன்று அவர் போன் கிடைக்காது.

அப்புறம் செருப்பு. சிரிக்காதீர்கள். பதினைந்து வருடச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். காற்றில் பெயர்ந்த சட்டங்களில் ஆணி நிமிர்ந்து கிடக்கும், ஆஸ்பெஸ்டாஸ் சில்லும் ஓட்டுச் சில்லும் சேற்றுக்குள் இருக்கும். ஒருவர் முகாமுக்கு வேறு எதற்கோ வந்தார், பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று. ரப்பர் செருப்பைக் கழற்றச் சொன்னால் செருப்பு கழலவில்லை. ஆணி அடியிலிருந்து ஏறி உள்ளங்காலில் இருக்கிறது. எப்போது குத்தியது என்று அவருக்கே தெரியாது. மாமாவுக்குத் தடித்த அடியுள்ள, முன்பக்கம் மூடிய ஷூ ஒரு ஜோடி வாங்கிக் கட்டிலுக்கடியில் வையுங்கள். வெளியே போய் வந்தால் ஒவ்வொரு முறையும் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு வரை நீங்களே பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டார்கள் என்று நினைவில்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசியை இப்போதே போட்டுக்கொள்ளலாம். மரம் அறுக்கிற நாட்களில் கையைக் காலைக் கிழித்துக்கொள்ளாத வீடு கிடையாது.

அத்தைக்கு வருவோம். நெபுலைசருக்குக் கரண்ட் வேண்டும், இன்ஹேலருக்கு வேண்டாம். அதே மருந்து இன்ஹேலரிலும் வருகிறது. ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குழல் சேர்த்து இழுத்தால் நெபுலைசருக்குச் சமமாகவே வேலை செய்யும். பலரும் நம்ப மாட்டார்கள், புகை வந்தால்தான் மருந்து என்று நினைக்கிறார்கள். டாக்டரிடம் சொல்லி இரண்டு இன்ஹேலர் வாங்கி, புயல் வருவதற்கு முன்பே அத்தையை இழுத்துப் பழக்குங்கள். ராத்திரி மூச்சு முட்டும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. ஸ்பேசர் உடைந்துபோனால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். பாட்டில் வாய் அத்தை வாயில். ஒரு அழுத்து, நாலைந்து மூச்சு. பிறகு அடுத்தது. இப்படி நாலிலிருந்து ஆறு வரை. இருபது நிமிடத்தில் அடங்காமல், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினால் 108.

வீசிங்காரர்களுக்குப் புயலைவிடப் புயலுக்குப் பிறகுதான் சோதனை. ஈர விறகுப் புகை, சுவரில் பூசணம், பக்கத்து வீட்டு ஜெனரேட்டர். அந்த நாட்களில் அடுப்படி அத்தைக்கு வேண்டாம். ஜெனரேட்டர் என்றதும் ஒன்று: கஜா சமயத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றவும் செல்போன் சார்ஜ் போடவும் தெருத்தெருவாக வாடகைக்கு வந்தன. மழை என்று அதைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் நிறையும். வாசனையே இருக்காது. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார்.

இப்போது நாத்தனார். அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள், அனுப்புங்கள். நவம்பர் 24 என்பது தேதிதானே தவிர சத்தியமில்லை. முன்பின்னாக இரண்டு வாரம் எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம், அதாவது நவம்பர் 10 முதல் அவள் வாசற்படியில் நிற்கிறாள். வங்கக்கடலில் புயல் பிறக்கும் உச்ச மாதமும் அதுதான். கஜாவில் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை நாலு மாவட்டத்திலும் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. மரங்களுக்குக் கணக்கே இல்லை. அன்று விடிகாலையில் வலி எடுத்த பெண்ணை ஆம்புலன்ஸ் அடைய, முன்னால் ரம்பத்தோடு ஆள் போக வேண்டியிருந்தது.

இதில் உங்கள் வீட்டில் என்ன தயக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், வளைகாப்புப் போட்டு அழைத்து வந்த பெண்ணை ஒரு மாதத்தில் திருப்பி அனுப்பினால் சம்பந்தி என்ன நினைப்பார்கள், ஊர் என்ன சொல்லும். சம்பந்தி வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. திருவாரூரிலோ தஞ்சாவூரிலோ உறவுக்காரர் வீடு ஒன்றில், அத்தையும் கூடவே இருக்க, நவம்பர் முதல் வாரத்திலிருந்து தங்கட்டும். தாய் கூட இருந்தால் அதுதானே தாய்வீடு? அத்தையின் மூச்சுக்கும் டவுன் பக்கம் இருப்பது நல்லது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய். திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனையோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆபரேஷன், ரத்தம், பச்சைக் குழந்தைக்கான தனிப்பிரிவு எல்லாம் அங்கே உண்டு.

அது முடியவே முடியாது என்றால், உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் அவள் பெயரும் ஆர்.சி.எச். எண்ணும் (கர்ப்பத்தைப் பதியும்போது தரும் எண்) இருக்கிறதா என்று நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள். அவள் பதிந்தது புகுந்த ஊரில் என்றால் உங்கள் ஊர்ப் பட்டியலில் பெயர் விடுபட்டிருக்க நல்ல வாய்ப்பு. புயல் எச்சரிக்கை வந்தால் தேதி நெருங்கிய கர்ப்பிணிகளைச் சுகாதாரத் துறையே முன்கூட்டி மருத்துவமனையில் சேர்ப்பது இப்போது வழக்கம். ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால்தான் தேடி வருவார்கள். ரத்த வகையைத் தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஆண் டாக்டர் இதை எழுதுகிறாரே என்று நினைக்காதீர்கள். முகாமில் கழிப்பறைக்குப் பயந்து பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. இரண்டாம் நாள் நீர்க்கடுப்பு, மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல். கர்ப்பிணிக்கு அது வலியைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடும். ஒரு டார்ச், ஒரு பழைய சேலையை மறைப்புக்கு, துணைக்கு நீங்கள். இவ்வளவு இருந்தால் அவள் தண்ணீர் குடிப்பாள்.

உங்கள் வீட்டில் இல்லை, ஆனால் தெருவில் யாராவது டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருப்பார், இதை அவரிடம் காட்டுங்கள். எச்சரிக்கை வந்ததும் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல், புயலுக்கு முந்தின நாளே ஒரு முறை செய்துகொள்ள முடியுமா என்று கேட்க வேண்டும். கஜாவுக்குப் பிறகு தென்னந்தோப்பெல்லாம் படுத்துக்கிடந்தது. குடிதண்ணீர் இல்லை, காலடியில் இளநீர். எல்லோரும் குடித்தார்கள், நாங்களும் குடித்தோம். சிறுநீரகம் போனவருக்கு அது கூடாது. இளநீரில் இருக்கும் பொட்டாசியம் டயாலிசிஸ் தள்ளிப்போன உடம்பில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். வாழைப்பழமும் அப்படித்தான்.

மாத்திரைகளுக்கு வருகிறேன். முகாமில் என் மேஜைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் ஒரு துண்டு வெள்ளித்தாளோடு வந்தார்கள். மெடிக்கலில் பத்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள்; பெயர் இருக்கும் பக்கம் கடையிலேயே நின்றுவிடும். "சின்னது, ரோஸ் கலர், காலையில ஒண்ணு டாக்டர்." ரோஸ் கலரில் எனக்குத் தெரிந்தே இருபது மாத்திரை இருக்கிறது. எனவே ஒவ்வொரு மாத்திரையிலும் ஒரு முழு அட்டை வாங்குங்கள். பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை என்று வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதி, பழைய சீட்டின் நகலோடு கவரில் போட்டு ஒட்டுங்கள். போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன் என்பீர்கள். மூன்றாம் நாள் போன் செத்துவிடும். கம்பெனிப் பெயர் வேண்டாம், மருந்தின் மூலப்பெயரை எழுதுங்கள்; முகாமில் வேறு கம்பெனியுடையதுதான் இருக்கும். வலிப்பு, மனநலம், ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகள் சாப்பிடுபவர் யாரும் ஒரு நாள்கூட விடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் வாங்குபவர்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருபவரிடம், ஐப்பசி பிறப்பதற்கு முன்பே காரணத்தைச் சொல்லி ஒரு மாதம் கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் போட்டு வைக்கப் பெட்டி எதுவும் வாங்காதீர்கள். 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். மூடி இறுகும், மழை இறங்காது, தண்ணீர் வந்தால் மிதக்கும், கைப்பிடி இருக்கிறது, கவிழ்த்தால் மாமா அதன்மேல் உட்காரலாம். மருந்து, தாள்கள், இன்ஹேலர், ஸ்டிரிப், டார்ச், குளோரின் மாத்திரை, பாராசிட்டமால், காயத்துக்குத் துணி, மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட். இந்தப் பாக்கெட் இரண்டு அளவில் வருகிறது, ஒரு லிட்டருக்கு ஒன்று, ஒரு டம்ளருக்கு ஒன்று. பெரியதைப் பிய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடாதீர்கள். முழுதாக ஒரு லிட்டரில் கலந்து ஒரே நாளில் முடித்துவிடுங்கள். இன்சுலின் மட்டும் வாளியில் கிடையாது, கிளம்பும்போது டப்பாவோடு கடைசியாக எடுத்துக்கொள்வது.

எப்போது என்ன என்பதற்கு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். வாளி புரட்டாசியிலேயே தயாராகட்டும். ஒன்று, இரண்டாம் எண் கூண்டு ஏறியதும் மருந்துக் கடைக்குப் போய்க் குறைந்ததை நிரப்புங்கள், போன், டார்ச், இன்வெர்ட்டர் எல்லாம் சார்ஜ் ஏற்றுங்கள். மூன்றாம் எண் ஏறும்போது நாத்தனாரும் அத்தையும் ஊரில் இருக்கவே கூடாது. வானிலை மையம் 48 மணி நேரம் முன்பே புயல் எச்சரிக்கையைத் தொடங்கிவிடுகிறது, பஸ்ஸும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சுவரில் 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மூன்றையும் கரியால் எழுதி வையுங்கள்.

எல்லாப் புயலும் கஜா மாதிரி வராது. 2024ல் ஃபெங்கல் காற்றைவிட மழையால் அடித்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தண்ணீர் நின்றால் கவலை வேறு. வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், பாம்பு. தேங்கிய தண்ணீரில் நடந்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடாமல் டாக்டரிடம் வாருங்கள். தரையில் படுக்க வேண்டி வந்தால் கொசுவலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகுங்கள். கட்டுவிரியன் கடித்தால் தடம்கூடச் சரியாகத் தெரியாது; விடிகாலையில் காரணமில்லாமல் வயிறு வலித்து, இமை தூக்க முடியாமல் போனால் அதுதான் என்று எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கட்டுப்போடுவது, கீறுவது, வேப்பிலை எதுவும் வேண்டாம்.

மாமாவிடம் என்ன சொல்வது? கஜாவைப் பார்த்தவர் என்பதை மறுக்காதீர்கள். காற்று அடித்த அந்த ராத்திரியை அவர் நன்றாகவே தாண்டினார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்க வைத்தது அதற்கப்புறம் வந்த நாட்கள். "மாமா, கஜா வந்து ரெண்டு வாரத்துல நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சிங்கப்பூரிலிருந்து மகனைப் பேசச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் பயம், மகன் சொன்னால் அக்கறை என்று எடுத்துக்கொள்ளும் தலைமுறை அது.

மாமாவின் காலைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. இன்று ராத்திரி ஊசி போடும்போது விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பாதத்தையும் பாருங்கள். வெடிப்போ, கொப்புளமோ, ஆறாத புண்ணோ இருந்தால் மழை தொடங்குவதற்குள் அதை ஆற்றியாக வேண்டும், எனக்கும் எழுதுங்கள்.